அந்தப் பக்கம் என்ன தெரியுது?

வயர்ல ஒண்ணும் இல்ல தம்பி, வயர விடுங்க. நானே கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, அந்த ஓட்டையே லூசாப் போச்சு. மேசைக்கு அடியில எதுக்குக் குனியிறீங்க, தும்மல்தான் வரும். இப்படி வந்து உக்காருங்க. கோளாறு என்னன்னு நான் சொல்றேன், அப்புறம் பாருங்க. டாக்டர்கிட்டப் போனாக்கூட முதல்ல என்ன செய்யுதுன்னுதான கேப்பாரு?

இது ரெண்டு ஸ்கிரீன். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிது பாருங்க, அது கஸ்டமருக்கு. அவங்க அந்தப் பக்கம் ஸ்டூல்ல உக்காந்து பாப்பாங்க. நான் இங்க வெட்டுறது ஒட்டுறது எல்லாம் முடிச்சு, முடிஞ்ச படத்த மட்டும் அங்க தள்ளி விடுவேன். மத்த நேரம் அங்க சாம்பிள் ஆல்பம் தன்னால ஓடிக்கிட்டு இருக்கும். இப்ப என்னடான்னா, நான் இங்க என்ன பண்ணினாலும் அதே அங்கயும் தெரியுது. மவுசு அம்பு போற இடம் கூடத் தெரியுது. அத நிப்பாட்டணும். இங்க நடக்கிறது அங்க தெரியக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

டூப்ளிகேட்டா? பேரு என்னமோ இருந்துட்டுப் போகட்டும். அந்த செட்டிங்குக்கு நானும் போய்ப் பாத்தேன். மாத்தினா அந்தப் பக்கம் கருப்பாயிருது. இத நம்பி என்ன செய்ய? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. புது சாஃப்ட்வேர் ஏறணும்னா சிஸ்டத்தயே புதுசா ஏத்தணும்னு ஒருத்தர் வந்தாரு. உங்க கடை ஆள் இல்ல, வேற ஒருத்தர். ஏத்திட்டு, டீ குடிச்சிட்டு, போயிட்டாரு. அன்னையிலருந்து பிடிச்சது சனி.

டிரைவர் இறங்குதா? இறங்கட்டும். நெட்டு இங்க ஆமை வேகம்தான். நமக்கும் ஆள் வர்ற நேரம் இல்ல. டீ சொல்லட்டுமா? வேண்டாமா? சரி.

ஏன் தெரியக் கூடாதுன்னு கேக்கீங்களா? நல்ல கேள்வி. இந்த வேலையில ஒரு சங்கதி இருக்கு தம்பி. கல்யாண ஆல்பத்துல, பொண்ணோட அப்பாவோ மாப்பிள்ளையோட அம்மாவோ தவறிப் போயிருப்பாங்க. அவங்களையும் குடும்பப் போட்டோவுல நிப்பாட்டிக் கொடுங்கன்னு கேப்பாங்க. கோவில்பட்டி சுத்துவட்டாரத்துல இந்த வேலைக்கு செண்பகா ஸ்டுடியோன்னுதான் சொல்வாங்க. பழைய போட்டோவுல இருந்து முகத்த எடுப்பேன். சில பேருக்கு வோட்டர் ஐடியில இருக்கிறதுதான் ஒரே முகம். அத வச்சு நிப்பாட்டுவேன். உடம்புக்குன்னு தனியா ஒரு ஃபோல்டரே இருக்கு. சந்தனக் கலர் சட்டை, தோள்ல சரிகைத் துண்டு, கைய லேசா முன்னால கோத்துக்கிட்டு நிக்கிற உடம்பு. எப்பவோ ஒரு கல்யாணத்துல எடுத்தது. யாரு என்னன்னு எனக்கே ஞாபகம் இல்ல. இந்த ஊர்ல தவறிப் போன தகப்பன்மார் எல்லாருக்கும் அந்த உடம்புதான். யாரும் இதுவரைக்கும் கண்டுபிடிச்சதில்ல. என் வீட்டுக்காரி உலகம்மாவுக்கு மட்டும் தெரியும். "இன்னைக்கு யாருக்கு இந்தச் சட்டை?"ன்னு கேப்பா.

இப்ப சொல்லுங்க. பெத்த தகப்பன் தலையத் தனியா வெட்டி எடுத்து, சுருக்கி, பெருசாக்கி, இன்னொருத்தன் கழுத்து மேல வைக்கிறத ஒரு பிள்ளை உக்காந்து பாக்கலாமா? மனசு தாங்குமா? அதுக்குத்தான் அந்தப் பக்கம் தனி, இந்தப் பக்கம் தனி. இது வசதிக்கு வச்சதில்ல, மரியாதைக்கு வச்சது.

செண்பகா யாரா? என் மக. செண்பகவல்லி அம்மன் பேரு. ஒரே மக. ஓசூர்ல கம்பெனியில வேலை. கல்யாணம் ஆயிருச்சு. அவளே பண்ணிக்கிட்டா. நான் தலைமுழுகிட்டேன். அதப் பத்திப் பேச வேண்டாம். போர்டுல பேரு இருக்கேன்னு பாக்கீங்களா? எடுக்கணும். அந்த ஃப்ளெக்ஸ்காரன் வரமாட்டேங்கிறான், இன்னைக்கு நாளைக்குன்னு ஒரு வருஷமா இழுத்தடிக்கிறான்.

அந்தப் பையன் மேல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தினகரன்னு பேரு. வேற ஆளுங்க. அதுகூடப் பெருசில்ல தம்பி, காலம் மாறிப் போச்சு, எனக்குத் தெரியாதா? கேக்காமப் பண்ணிட்டா, அதுதான் எனக்கு வருத்தம். பெத்தவன்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா? முறையா உக்காந்து சொல்லணும். அவ எப்ப வந்தாலும் அந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு, "அப்பா, ஒரு விஷயம்"பா. நான் ஏதாவது ஆல்பத்துல மூழ்கிக் கெடப்பேன். "இரு தாயி, இத முடிச்சிட்டு வாரேன்"னு சொல்வேன். முடிச்சிட்டு நிமிந்து பாத்தா ஆள் இருக்காது. பொங்கலுக்கு வந்தப்பவும் அப்படித்தான். தீவாளிக்கு வந்தப்பவும் அப்படித்தான். ஒருதடவ "ஸ்கிரீனப் பாக்காம என்னையப் பாருங்கப்பா"ன்னு சொன்னா. முகூர்த்த சீசன்ல வந்து சொன்னா நான் யாரப் பாக்க? பொறுமை இல்லாத பிள்ளை. கடைசியில ஓசூர்ல ரிஜிஸ்டர் பண்ணி, ஒரு மண்டபத்துல நாலு பேருக்குச் சோறு போட்டு முடிச்சிட்டாங்க. எங்களுக்குச் சொல்லி விட்டாங்க. நான் போகல. நான் போகலன்னா உலகம்மாவும் போகக் கூடாதுல்ல? அவளும் போகல. அதுலருந்து என்கூடப் பேச்சக் குறைச்சுக்கிட்டா. சோறு வைப்பா, "சாப்பிடுங்க"ம்பா. கடையில அந்தப் பக்கம் உக்காந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்டிக் கவர்ல போடுவா. ஒரு நாளைக்குப் பத்து வார்த்த பேசினா அதிகம்.

எத்தன பெர்சன்ட்? இன்னும் பாதிகூட ஆகலையா. சரி, சொல்லிட்டே இருக்கேன்.

அந்த ஆளு சிஸ்டத்த ஏத்திட்டுப் போனதும் அந்தப் பக்கத்து ஸ்கிரீன் செத்துப் போச்சு. நோ சிக்னல். நான் வயரப் புடுங்கி மாட்டினேன். வேற வயர் வாங்கி மாட்டினேன். நடுவுல ஒரு கன்வெர்ட்டர் போட்டேன். திடீர்னு பின்னால நீல லைட்டு எரிஞ்சுச்சு. அந்தப் பக்கம் உலகம்மா உக்காந்திருந்தா. "ஏ உலகம்மா, படம் வருதா?"ன்னு கேட்டேன். "வருது"ன்னா. வந்துருச்சுல்ல, அப்புறம் என்ன? சாம்பிள் ஆல்பம் ஓடுதுன்னு நெனச்சிக்கிட்டேன். எனக்கு அதோட முதுகுதான தெரியும். எந்தப் படம் வருதுன்னு அவ சொல்லணுமா இல்லையா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தா?

சரி, இனிமே சொல்றத நீங்க மனசோட வச்சுக்கிடணும். பக்கத்துல ஜெராக்ஸ் கடைக்காரன்கிட்டக்கூடச் சொல்லாதீங்க.

உலகம்மா போன்ல அந்தக் கல்யாணப் போட்டோ இருந்துச்சு. மக அனுப்பியிருக்கா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு, குளிக்கப் போகும்போது போன அரிசி டப்பா மேல வச்சிட்டுப் போவா. ஒருநாள் எடுத்து எனக்கு அனுப்பிக்கிட்டு, அனுப்பின தடத்த அழிச்சிட்டேன். சும்மா தொழில் முறையில பாக்கலாமேன்னுதான். யாரு எடுத்தது, எப்படி எடுத்திருக்கான்னு. தம்பி, அத ஒரு போட்டோன்னு சொல்லக் கூடாது. யாரோ கூட்டாளிப் பய எடுத்திருக்கான். ஜன்னலுக்கு முன்னால நிப்பாட்டி, வெளிச்சம் பூராம் பின்னாலருந்து வருது. என் மக முகம் இருட்டா இருக்கு. மால கழுத்துல சரிஞ்சு கெடக்கு, அதச் சரி பண்ணி விட ஒரு ஆள் இல்ல. "நாடிய எறக்கும்மா"ன்னு சொல்ல ஆள் இல்ல. மாப்பிள்ளைக்கு வலது பக்கம் அவங்க அப்பா அம்மா நிக்காங்க. என் மகளுக்கு இடது பக்கம் ரெண்டு பேர் நிக்கிற அளவுக்குக் காலியா விட்டு எடுத்திருக்கான் மடப்பய. இந்த வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பாங்க, இடைவெளி விடாதேன்னு. பாக்கப் பாக்க எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

முதல்ல வெளிச்சத்த மட்டும் சரி பண்ணினேன். முகம் தெளிஞ்சு வந்துச்சு. அம்மாவ மாதிரியே மூக்கு. அப்புறம் மாலைய நேராக்கினேன். அப்புறம் அந்தக் காலி இடம். அது கண்ண உறுத்திக்கிட்டே இருந்துச்சு தம்பி. வெட்டி எடுத்துறலாம்னா படம் கோணலாயிரும். ஏதாவது வைக்கணும். பூந்தொட்டி வச்சுப் பாத்தேன், நல்லா இல்ல. அதான் நான் போய் நின்னேன்.

அதாவது, என்னைய எடுத்து வச்சேன். அதுலயும் ஒரு கூத்து. எனக்குப் போட்டோவே இல்ல. இருபத்தஞ்சு வருஷமா ஊரு உலகத்தையெல்லாம் எடுத்தவனுக்கு, நிமிந்து நிக்கிற போட்டோ ஒண்ணு இல்ல. கல்யாணத்தன்னைக்கு எடுத்தது இருக்கு, அதுல மீசை கூடச் சரியா முளைக்கல. அப்புறம் கெடச்சது. செண்பா காலேஜ் படிக்கும்போது அவ போன்ல எடுத்தது. நான் இதே நாற்காலியில உக்காந்து ஸ்கிரீனப் பாத்துக்கிட்டு இருக்கேன். "அப்பா"ன்னு கூப்பிட்டு, நான் திரும்பினதும் எடுத்திருக்கா. அந்த முகத்த எடுத்தேன். உடம்பு வேணுமே. ஃபோல்டர்ல நல்லதா இருந்தது அந்த சந்தனக் கலர் சட்டைதான். அத வச்சேன். அளவு கச்சிதமாப் பொருந்துச்சு.

மத்தியானம் சாப்பிட்டு வந்து, கடையில ஆள் இல்லாத நேரமாப் பாத்துக் கொஞ்சம் கொஞ்சமாச் செய்வேன். உலகம்மா எதிர்ல உக்காந்து போட்டோ வெட்டிக்கிட்டு இருப்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்கிற தைரியந்தான் எனக்கு.

அப்புறம்தான் அவ போக்கு மாறுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. ஆல்பம் அட்டை வெட்டுற பிளேடு வச்ச இடத்துல இல்ல. கேட்டா "எனக்குத் தெரியாது"ங்கிறா. எனக்குத் தூக்கம் வராதுன்னு டாக்டர் கொடுத்த மாத்திரை இருக்கு, அந்த டப்பாவக் காணோம். ஒவ்வொரு மாத்திரையா அவதான் முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்து கொடுத்தா. நான் பாத்ரூமுக்குப் போனா வெளிய நின்னுக்கிட்டு, "என்னங்க, ஆச்சா?"ங்கிறா. கோயிலுக்குப் போனவ பாதி வழியில திரும்பி வந்துட்டா. ஆனா பாத்துக்கோங்க, பேச ஆரம்பிச்சுட்டா. "இன்னைக்கு அயிரை மீன் வாங்கியிருக்கேன், நேரமா வாங்க"ன்னா. "நம்ம ரெண்டு பேரும் ஒருதடவ திருச்செந்தூர் போயிட்டு வருவோமா"ன்னு கேட்டா. ஒரு வருஷம் முகங்கொடுக்காத பொம்பள! ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், என் தட்டையே பாத்துக்கிட்டு இருந்தவ கண்ணு கலங்கிப் போச்சு. "என்ன?"ன்னேன். "காரம்"னா. எனக்கு மனசுக்குள்ள சந்தோசந்தான். சரி, வழிக்கு வந்துட்டா, கோவம் தணிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். பொய் சொல்லக் கூடாது தம்பி, அந்தக் கொஞ்ச நாள் நான் நல்லாச் சாப்பிட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு காலையில கடை தொறந்து உக்காந்தேன். வேலை முடியிற கட்டம். எப்பவும் கடைசியா ஒண்ணு பாப்போம். ஒட்டின ஆள மறைச்சுப் பாக்கிறது, மறுபடி வர வைக்கிறது. ஒரு கட்டத்த அமுக்கினா ஆள் போயிருவான், அமுக்கினா வந்திருவான். அப்படி மாத்தி மாத்திப் பாத்தாத்தான் நிழல் ஒத்து வருதா, ஒட்டின தடம் தெரியுதான்னு கண்ணுக்குப் படும். அதப் பாத்துக்கிட்டு இருக்கேன். அந்தப் பக்கம் யாரோ வந்து உக்காந்த மாதிரி ஸ்டூல் சத்தம். நான் நிமிரல. "வாங்க, பாஸ்போர்ட் சைஸா? வீட்டுக்காரம்மா வந்துருவாங்க, ஒரு நிமிஷம்"னு சொல்லிட்டு அமுக்குறேன். நான் இருக்கேன். அமுக்குறேன். நான் இல்ல. மறுபடி இருக்கேன். மறுபடி இல்ல.

"அப்பா, வேண்டாம்ப்பா"ன்னு ஒரு சத்தம்.

எந்திரிச்சுப் பாத்தா செண்பா. தோள்ல பை. ஓசூர் பஸ்ஸுல இறங்கி நேரா வந்திருக்கா. தலை கலைஞ்சு கெடக்கு, ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு அந்த ஸ்கிரீனயே பாக்குறா. "நீ எதுக்கு வந்த?"ன்னேன். அதுதான் வாயில வந்துச்சு. பின்னாலயே உலகம்மா ஓடி வந்தா. நான் சுத்தி அந்தப் பக்கம் போய்ப் பாக்குறேன், அப்பதான் தெரியுது, இங்க இருக்கிறது பூராம் அங்க இருக்கு. என் மக பக்கத்துல சந்தனச் சட்டை போட்டுக்கிட்டு நான் நிக்கேன்.

உலகம்மா என் சட்டையப் பிடிச்சிட்டா. ரோட்டப் பாத்த கடை தம்பி, ஆளுக நின்னு வேடிக்க பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. "நீங்க செத்தவங்கள மட்டுந்தானய்யா ஒட்டுவீங்க! உசுரோட இருக்கிற யார இதுவரைக்கும் இப்படி ஒட்டியிருக்கீங்க? செத்தவங்க சட்டைய எடுத்து உங்களுக்குப் போட்டுக்கிட்டு, அவ பக்கத்துல நின்னுக்கிட்டு... நாங்கூட இல்லாம, நீங்க மட்டும்! என்ன முடிவுல இருந்தீங்க?"ன்னு கத்துறா.

அப்பதான் எனக்கு விளங்குச்சு, பிளேடு எங்க போச்சு, மாத்திரை எங்க போச்சுன்னு. நான் போகப் போறேன்னு நெனச்சிருக்கா. தினமும் எதிர்ல உக்காந்து நான் என்னைய வெட்டி ஒட்டுறதப் பாத்துப் பாத்து, யாருகிட்டச் சொல்லன்னு தெரியாம மகளுக்குப் போன் போட்டு அழுதிருக்கா. "அய்யோ, நான் சும்மா காலி இடம் இருக்கேன்னு போட்டேன்"னேன். அவ நம்பணுமே. "ரெண்டு ஆளுக்கு இடம் இருக்குல்ல, அடுத்து உன்னையத்தான் போடலாம்னு இருந்தேன்"னு சொல்லிட்டேன். அடேயப்பா, அதுக்கு அவ போட்ட சத்தம்!

செண்பாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. அழுதுக்கிட்டே சிரிக்கா. சின்னப் பிள்ளையில சிரிக்கிற மாதிரி, மூக்கு ஒழுக. நானும் சிரிச்சுட்டேன். உலகம்மா மட்டும் சிரிக்கல, கீழ உக்காந்துட்டா. அப்ப நான் சொன்னேன், "அந்தக் கூட்டாளிப் பய இடைவெளி விட்டு எடுத்ததுனால வந்த வினை"ன்னு. செண்பா கண்ணத் தொடச்சிக்கிட்டு, "அவன் மேல தப்பு இல்லப்பா. உங்க ரெண்டு பேருக்கும் நான்தான் இடம் விடச் சொன்னேன்"னா.

அப்ப அவன் மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. நான் குனிஞ்சு அந்த வயரப் பாக்க ஆரம்பிச்சேன். எங்க கோளாறுன்னு பாக்கணும்ல?

"அப்பா, வெளிய வாங்க"ன்னா. "கேமரா இருக்கு, ஸ்டாண்டு இருக்கு, டைமர் இருக்கு. இப்பவே மூணு பேரும் நிப்போம். நெசமா நில்லுங்கப்பா. அடுத்த தடவ அவரையும் கூட்டிட்டு வாரேன், இன்னொண்ணு எடுப்போம்"னா. நீங்களே சொல்லுங்க தம்பி. நான் முகம் மழிக்கல. அவ பஸ்ஸுல வந்த மூஞ்சி. உலகம்மா கண்ணு வீங்கிப் போய் உக்காந்திருக்கா. ஸ்டுடியோவுல ஒரு லைட்டு வேற பல்பு போய்க் கெடந்துச்சு. எடுத்தா நல்லா வருமா? நல்லா வராத போட்டோவ எடுத்து என்ன செய்ய? அதத்தான் சொன்னேன். "எதுக்குத் தாயி? அதான் கம்ப்யூட்டர்ல நல்லாப் போட்டாச்சே"ன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. ஒரு கெட்ட வார்த்த கிடையாது.

அவ என்னையப் பாத்தா. அப்புறம் ஸ்கிரீனப் பாத்தா. "அத அழிச்சிருங்கப்பா"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. "நீங்க இங்க உசுரோட இருக்கும்போது, அத வச்சு நான் பாக்கணுமா?"ன்னா. காப்பி கூடக் குடிக்காம மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்பிட்டா. உலகம்மாவும் ஒரு பையில ரெண்டு சேலைய வச்சுக்கிட்டுக் கூடப் போனா. போகும்போது மாத்திரை டப்பாவ என் மேசை மேல வச்சிட்டுப் போனா. இனிமே பயமில்லன்னு அவளுக்குத் தெரிஞ்சிருச்சு போல.

இன்னும் வரல. ஓசூரு குளுகுளுன்னு இருக்குமாம்ல, ஊரு சுத்திப் பாத்துட்டு வரட்டும்னு விட்டிருக்கேன். போன் போட்டா, "சாப்பிட்டீங்களா?"ன்னு கேக்குறா. "ஆச்சு"ங்கிறேன். "எப்ப வர்ற"ன்னு நான் கேக்கல. "நீங்க எப்ப வாரீங்க"ன்னு அவ ஒருதடவ கேட்டா. சீசன் முடியட்டும்னு சொல்லியிருக்கேன். ஆடி மாசத்துல என்ன சீசன்னு கேக்காதீங்க, காதுகுத்து, வளைகாப்புன்னு வந்துக்கிட்டுத்தான் இருக்கு. இன்னைக்குத்தான் கொஞ்சம் காத்தாடுது.

இப்ப உங்களுக்கு விளங்குதா? எல்லாம் இந்த செட்டிங்கால வந்தது. ரெண்டு ஸ்கிரீனும் முன்ன மாதிரி தனித்தனியா இருந்திருந்தா அவ பாத்திருக்க மாட்டா, பயந்திருக்க மாட்டா, போன் போட்டிருக்க மாட்டா. மக அவ பாட்டுக்கு அங்க இருந்திருப்பா. நான் என் பாட்டுக்கு இங்க இருந்திருப்பேன். ஒரு பிரச்சினையும் இல்ல. சிஸ்டத்த ஏத்துறேன்னு ஏத்தி, குடும்பத்தையே தலகீழாப் போட்டுட்டுப் போயிட்டாரு மனுசன்.

ஆயிருச்சா? ரீஸ்டார்ட் ஆகுது. ஆகட்டும், ஆகட்டும். அட, வந்துருச்சே. எனக்கு இங்க எப்பவும் போலதான் இருக்கு. எக்ஸ்டெண்ட்டா? அதப் போட்டாப் போதுமா? கருப்பாகலையே! கெட்டிக்காரர்தான் நீங்க. எதுக்கும் சரி பாத்துருவோம். நீங்க அந்தப் பக்கம் போய் அந்த ஸ்டூல்ல உக்காருங்க. நான் இங்க ஒரு படத்த ஓப்பன் பண்றேன். பண்ணிட்டேன். அங்க என்ன தெரியுது?

சாம்பிள் ஆல்பம் ஓடுதா. யாரோ ஒரு பொண்ணு மாப்பிள்ளைதான? நான் இல்லையே? ஒரு மூலையில கூட இல்லையே?

சரி. நல்லது.

எந்திரிக்காதீங்க, இருங்க. இல்ல, எந்திரிச்சு இப்படி என் பக்கம் வாங்க. அழிக்கல தம்பி, என்னமோ அழிக்கத் தோணல. நிழல மட்டும் நேத்து இன்னுங் கொஞ்சம் சரி பண்ணினேன். கழுத்துல முன்ன லேசா ஒட்டின தடம் இருந்துச்சு, இப்ப இல்ல. நீங்க எங்களுக்கு முன்னப்பின்னத் தெரியாத ஆளு, சரியாச் சொல்லுவீங்க. இந்தா, என் மக. பக்கத்துல நிக்கேன் பாருங்க, இவரப் பத்தித்தான் நான் கேக்குறேன்.

பாத்தா உசுரோட இருக்கிற ஆளு மாதிரி இருக்கா?